ஐந்து மணிக் கைதட்டல்

தெருநாய்களுக்கு ஊரைச் சுற்ற அனுமதி இருந்து மனிதர்களுக்கு மட்டும் இல்லாமல் போன அந்த வருஷத்தில், கால்வாய்க்குக் கிழக்கே பசுஞ்சோலை என்க்ளேவ் என்றொரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. அதில் இரண்டு பிளாக்குகளும் தொண்ணூற்றாறு வீடுகளும் தண்ணீர் காணாத ஒரு நீச்சல்குளமும் இருந்தன, பச்சை என்று சொல்ல கேட்டுக்கு அடித்த பெயிண்ட் மட்டும் இருந்தது, தொண்ணூற்றாறு வீடுகளிலும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், பதவியில் இருந்து ஓய்வு பெற்றும் அதைவிட்டு இறங்காதவர்கள் குடியிருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன், ஏ பிளாக், இரண்டாவது மாடி. ஆகையால் இந்தக் கதையில் நான் யாரை மட்டமாகப் பேசினாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தக் குடியிருப்பின் படிக்கட்டுகளைப் பதினோரு வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தவள் பூங்காவனம். ஐந்து மாடி ஏறி, ஐந்து மாடி இறங்கி, மறுபடி அடுத்த பிளாக்கில் ஐந்து மாடி ஏறி இறங்குவாள், ஏனென்றால் வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் பதினான்காவது விதியாக அச்சடித்து வைத்திருந்தோம். அவள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஏம்மா என்றும் இந்தாம்மா என்றும் கூப்பிட்டே பதினோரு வருஷத்தை ஓட்டியிருந்தோம். சங்கச் செயலாளர் ஜனார்த்தனத்தின் மனைவி ஹேமலதா தினமும் காலையில் கைப்பிடிச் சுவரில் ஒற்றை விரலை ஓட்டி, ஒட்டிய தூசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, இதுக்குப் பேர் பெருக்கறதா என்று மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி கேட்பாள். பூங்காவனம் மறுபடி பெருக்குவாள். அவள் கால்கள் அப்போதெல்லாம் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன.

ஊரடங்குக்கு முந்தின நாள் ஜனார்த்தனம் அவளைக் கூப்பிட்டு, மூன்றே நாள்தான், இங்கேயே இருந்துவிடு, ஜிம் அறையில் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு கேட்டைப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். மூன்று நாள் இருபத்தொரு நாளாயிற்று. கால்வாய்க்கு அந்தப் பக்கம், எங்கள் கேட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷத்தில், பூங்காவனத்தின் வீட்டில் அவளுடைய ஒரே மகள் மோனிஷா நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வளைகாப்பு முடிந்து அழைத்து வந்திருந்தார்கள். அழைத்து வந்த தாய் பூட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள், மாப்பிள்ளை லாரியோடு நாக்பூரில் மாட்டிக்கொண்டான், தகப்பன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மோனிஷாவுக்குத் துணை அவள் வாய் மட்டும்தான். அது சாதாரண வாய் இல்லை, குழாயடியில் அவள் குரல் கேட்டால் குடங்கள் தாமாக வழிவிடும் என்று தெருவில் சொல்வார்கள்.

பூங்காவனம் தினமும் காலையில் செயலாளரின் வாசலில் போய் நின்று, "சார், எம்பொண்ணு தனியா கீறா சார், கேட்டத் தொறந்து வுடுங்க சார்" என்பாள். அவர் தினமும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "வெளியே போனா நோயை வாங்கிட்டு வந்துருவேம்மா. கொஞ்சம் பொறு, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். நான் திரும்பி வர மாட்டேன் சார், போனா போனதுதான் என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் திரும்பி வராவிட்டால் படிக்கட்டை யார் பெருக்குவது என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும், அதை நோய்த்தடுப்பு என்று அழைத்துக்கொண்டோம்.

இந்தச் சமயத்தில்தான் கைதட்டும் வழக்கம் வந்தது. நாடு ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குக் கைதட்டி, தட்டைத் தட்டி, அத்தோடு விட்டுவிட்டது. எங்களுக்கு அது போதவில்லை. நன்றியுணர்ச்சி பொங்கி வழிந்தது, கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. முன்களப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் டாக்டரோ நர்ஸோ இல்லை, இருந்தது ஒரு பூங்காவனம். அன்றுதான் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளை நீச்சல்குளத்தின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம், பால்கனிகளில் நின்று தினமும் ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் தட்டினோம். கையில் விளக்குமாற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நடுவில் நின்றாள். மூன்றாம் நாள் தட்டி முடித்தபோது அவள் பாதங்கள் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருந்தன.

முதலில் பார்த்தவள் ஹேமலதா. நிழல் ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக இருப்பதைக் கவனித்து, "குதிகாலைத் தூக்கி நிக்காதம்மா, விழுந்து வச்சுருவே" என்றாள். பூங்காவனம் குனிந்து பார்த்தாள், காலை ஆட்டிப் பார்த்தாள், தரைக்கு எட்டவில்லை. அப்படியே நடந்து போய் மிச்சமிருந்த படிக்கட்டைப் பெருக்கினாள். அடுத்த நாள் ஒரு சாண், அதற்கடுத்த நாள் ஒன்றரைச் சாண், வாரம் திரும்புவதற்குள் ஆள் உயரம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நூற்று நாற்பது செய்திகள் வந்தன. வண்டிகள் ஓடாததால் காற்று சுத்தமாகிவிட்டது, சுத்தமான காற்றில் இப்படி நடக்கும் என்று ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை கஸ்தூரி விளக்கம் எழுதினார், எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டு அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டோம். அடுத்த கேள்வி, அவள் லிஃப்டில் ஏறாமலே மேல்மாடிக்கு வருவது பதினான்காவது விதிக்கு முரணா இல்லையா என்பது. முரண் இல்லை என்று இரண்டு நாள் விவாதத்துக்குப் பின் தீர்மானித்தோம். மூன்றாவதாக, மூன்றாம் மாடியில் இருக்கும் ஒருவர், பல வருஷமாக எட்டாத இடத்தில் ஒட்டடை தொங்குகிறது, ஏசி பெட்டிகளின் முதுகில் புறா எச்சம் காய்ந்து கிடக்கிறது, அம்மா அந்தப் பக்கம் போகும்போது ஒரு கை பார்த்துவிடலாமே என்று பணிவாகக் கேட்டிருந்தார். அன்றிலிருந்து பூங்காவனம் அந்தரத்தில் ஜன்னல் கண்ணாடி துடைத்தாள்.

காற்றில் எங்காவது போய்விடப் போகிறாளே என்று அவள் இடுப்பில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையை என் பால்கனிக் கம்பியில் முடிந்தோம். பாதுகாப்புக்காக என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. காலையிலும் மாலையிலும் நான்கு பேர் கையுறை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்து அவளைக் கீழே இறக்கிக் குளியலறைக்குக் கூட்டிப் போவார்கள், பிடியை விட்டதும் அவள் பழைய உயரத்துக்கே போய்விடுவாள். சாப்பாட்டைக் கூடையில் வைத்து அனுப்பினோம். அவள் தூங்கும்போது, கொடியில் உலரப் போட்ட புடவை மாதிரி என் ஜன்னலுக்கு வெளியே லேசாக ஆடிக்கொண்டிருப்பாள். நான் திரையை இழுத்து விட்டுக்கொள்வேன்.

ஒருநாள் காலை நான் காபியோடு பால்கனிக்கு வந்தபோது கயிற்றைப் பிடித்து என் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"சார், ஒரு ஒதவி. இந்தக் கயித்தப் புடிச்சிக்கினு என்ன வூட்டாண்ட கொண்டுபோய் வுட்டுருங்க சார். கால்வா தாண்டினா வூடு. இருவது நிமிசம் நடை. நான் ஒரு கனமும் இல்ல, பட்டம் மாதிரி வருவேன்."

"கேட் பூட்டியிருக்கேம்மா" என்றேன்.

"நீங்க கேட்டா தொறப்பாங்க சார்."

"செகரட்டரிகிட்ட பேசறேன்" என்றேன்.

பேசவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நோய் அதிகம் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள், எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. பிறகு அவள் ஒவ்வொரு பால்கனியாகப் போய் அதையே கேட்டாள். ஜனார்த்தனத்தையும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட ஆட்கள், இருபது நிமிஷம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒருவருக்கும் தெம்பில்லை. அதே ஆட்கள் அன்று மாலை ஐந்து மணிக்கு உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். அவள் ஒரு முழம் உயர்ந்தாள்.

அவள் கீழே வரவும் ஒரு வழி உண்டு என்பது மோனிஷாவால் தெரிந்தது. மகள் ஒருநாள் போன் பண்ணினாள். ஈரக் கையோடு இருந்ததால் பூங்காவனம் ஸ்பீக்கரில் போட்டாள், இரண்டு பிளாக்கும் கேட்டது.

"எங்கம்மா போய்த் தொலஞ்ச? ஊரான் வூட்டுப் படிக்கட்டப் பெருக்கவா ஒன்னப் பெத்து வுட்டாங்க? நான் இங்க ஒக்கார முடியாம எழ முடியாம சாவுறேன், நீ அங்க பறந்துக்கினு கீறியாமே, பறவ! வா நீ, வெளக்கமாத்தாலயே சாத்தறேன்!"

பூங்காவனம் சட்டென்று ஒரு முழம் இறங்கினாள். சாவுகிராக்கி என்றபோது இன்னொரு முழம். மானங்கெட்டவளே என்றபோது முதல் மாடி சன்ஷேடில் கால் உரசியது. அவள் முகத்தில் அத்தனை நாளில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. "திட்டுடி, இன்னும் திட்டுடி என் கண்ணு" என்றாள். மோனிஷா திட்டினாள். பத்து நிமிஷத்தில் நீச்சல்குளத்தின் ஓடு கால் கட்டைவிரலுக்குப் பட்டுவிடும் என்கிற நிலையில் ஹேமலதா பால்கனிக்கு வந்து, குழந்தைகள் இருக்கும் இடத்தில் இப்படியா பேச்சு என்று காதைப் பொத்திக்கொண்டாள். அன்றே பூங்காவனத்தின் போனைக் கிருமிநீக்கம் செய்து தருவதாக வாங்கிப் போனார்கள். சானிடைசரில் முக்கி எடுத்த போன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. இறங்கிய உயரத்தை இரண்டு நாள் கைதட்டலில் மீட்டுக் கொடுத்தோம்.

பூங்காவனம் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஹேமலதாவின் ஜன்னலுக்குப் போய், "அம்மா, பழைய மாதிரி ரெண்டு வார்த்த திட்டுங்கம்மா. தூசி கீதுன்னு சொல்லுங்க. வெரல நீட்டுங்க" என்று கெஞ்சினாள்.

"ஐயோ, அந்த ஹேமலதா செத்துட்டா, பூங்காவனம். இந்த ஊரடங்குல நான் எவ்வளவு மாறிட்டேன் தெரியுமா? உங்களை நான் இப்ப எப்படிப் பார்க்கறேன்னா, தெய்வமாப் பார்க்கறேன்" என்று கண் கலங்கினாள் ஹேமலதா. பூங்காவனம் இரண்டு சாண் எழும்பினாள்.

பதினோரு வருஷம் வாய் கூசாமல் திட்டியவர்கள் ஒருவருக்கும் இப்போது திட்ட வரவில்லை. ஏம்மா எல்லாம் போய் அம்மா, சகோதரி, தாயே என்றாகிவிட்டது. ஒன்றிரண்டு பேர் நல்ல மனசோடு முயற்சி செய்தார்கள். கஸ்தூரி மேடம் ஒரு காகிதத்தில் எழுதிவைத்து, நீங்கள் கொஞ்சம் சோம்பேறி என்று வாசித்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார், மன்னிப்புக்கு அவள் மேலே போனாள். என்னிடமும் வந்தாள். எனக்கு நாக்கு எழவில்லை. என் நாகரிகத்தை எண்ணி அன்று எனக்கே ஒரு பெருமை இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத பாராட்டு எப்படி ஒரு மனுஷியைத் தூக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, அதனால்தான் தூக்கியது.

இப்படி இருக்கும்போது, சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஊரடங்கு எனக்குக் கற்றுத்தந்த பாடம்" என்றொரு நிகழ்ச்சிக்குச் சங்கம் ஏற்பாடு செய்தது. மாலை நான்கு மணியிலிருந்து அவரவர் பால்கனியில் நின்று ஆளுக்கு மூன்று நிமிஷம் பேச வேண்டும், பேசி முடித்ததும் அந்தப் பாடத்தைப் பூங்காவனம் அம்மாவுக்குக் காணிக்கையாக்கி அவரைப் பார்த்து எல்லோரும் கைதட்ட வேண்டும். நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

அன்று மதியம் கீரை கொண்டுவருபவர் கேட்டுக்கு வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கத்தினார். அவர் பூங்காவனத்தின் தெருக்காரர்.

"யக்கா! மோனிஷாவுக்கு வலி கண்டுருச்சுக்கா! ஆம்புலன்ஸ் வந்து நிக்குது, அம்மா வராம ஏற மாட்டேன்னு கதவப் புடிச்சிக்கினு நிக்குதுக்கா!"

பூங்காவனம் கயிற்றின் எல்லைவரை ஓடி ஜனார்த்தனத்தின் பால்கனிக்கு முன்னால் அந்தரத்தில் மண்டியிட்டாள். அந்தரத்தில் மண்டியிட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நாங்கள் பார்த்தோம். ஜனார்த்தனம் கழுத்துச் சாவியைத் தடவியபடியே, "இன்னிக்கு நிகழ்ச்சி நடக்கட்டும். எல்லாரும் தயாரா இருக்காங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா இ-பாஸ் போட்டுடறேன்" என்றார். பூங்காவனம் எழுந்து கயிற்றைப் பிடித்து என் பக்கம் வந்தாள்.

"சார், அந்த பி பிளாக்கு டேங்கு எவ்ளோ ஒசரம்?"

"அறுபது அடி இருக்கும்" என்றேன்.

அவள் மேற்கே பார்த்தாள். பி பிளாக் எங்களுக்கு மேற்கே நின்றது, அதன் பின்னால் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் அவள் தெரு. மொட்டை மாடியில் காயப் போட்டிருந்த வேட்டிகள் எல்லாம் அந்தப் பக்கமாகவே படபடத்துக்கொண்டிருந்தன. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று மேற்கே அடிக்கும் என்பது பதினோரு வருஷம் எங்கள் மாடியில் துணி எடுத்தவளுக்குத் தெரியாதா?

"இன்னிக்கி நாப்பது பேரும் பேசுவாங்களா?"

"பேசுவாங்க. விட மாட்டாங்க" என்றேன்.

"நல்லா தட்டச் சொல்லுங்க சார்" என்றாள் பூங்காவனம்.

நான்கு மணிக்குத் தொடங்கினோம். எளிமையைக் கற்றுக்கொண்டேன் என்றார் ஜனார்த்தனம், ஒரே ஒரு சட்னியோடு தோசை சாப்பிடப் பழகிவிட்டாராம், தட்டினோம், பூங்காவனம் எழும்பினாள். பறவைகள் பாடுகின்றன என்பதை முதல்முறையாகக் கேட்டேன் என்றார் ஒருவர். அதே பறவைகளின் எச்சத்தை அவருடைய ஏசி பெட்டியிலிருந்து நான்கு நாள் முன்புதான் அவள் சுரண்டியிருந்தாள், தட்டினோம், எழும்பினாள். மனைவி சமைக்கிறாள் என்பதை ஒருவர் கண்டுபிடித்திருந்தார், அதைக் கவிதையாகவும் எழுதியிருந்தார், வாசிக்கும்போது மனைவி உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் மைக்கில் கேட்டது. ஒருவர் தன் வீட்டுத் தரையைத் தானே ஒருமுறை துடைத்து பதினாறு புகைப்படம் எடுத்து, உழைப்பின் மேன்மையை உணர்ந்ததாகச் சொன்னார். மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி கஸ்தூரி மேடம் இருபத்தைந்து நிமிஷம் பேசினார், நிறுத்தச் சொல்லி மணியடித்தும் நிறுத்தவில்லை. மரணம் பக்கத்தில் இருக்கிறது, எதுவும் நிலையில்லை என்று கண்ணீர் விட்ட ஒருவர் டிரெட்மில் வாங்கியிருந்தார். சக மனிதரை மதிக்கக் கற்றுக்கொண்டேன் என்று ஹேமலதா சொன்னபோது கைதட்டல் ஓய வெகு நேரமானது. என் முறை வந்தது. மனிதநேயம் என்ற தலைப்பில் பேசினேன், இரவு முழுக்க உட்கார்ந்து எழுதி வைத்திருந்தேன், நன்றாகவே வந்திருந்தது. என் தலைக்கு மேலே கயிறு விண்ணென்று விறைத்திருந்தது, அதன் நுனியில் அவள் மூன்றாவது மாடியைத் தாண்டி நின்றாள்.

நாற்பதாவது ஆள் பேசி முடித்ததும் ஜனார்த்தனம் தன் மைக்கை எடுத்து, "பூங்காவனம் அம்மா, இந்த ஊரடங்கு உங்களுக்கு என்ன பாடம் கற்றுக் கொடுத்தது? நீங்களும் சொல்லுங்க" என்று அண்ணாந்து கேட்டார். அப்போதுதான் அவள் கைகள் இடுப்பில் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாராவது நினைத்தால் தவறு, நான் எதற்கும்தான் எதுவும் சொன்னதில்லை.

"பதினோரு வருசமா ஒங்க படிக்கட்டப் பெருக்கறேன்" என்றாள் பூங்காவனம் மேலேயிருந்து. "ஒங்கள்ல ஒருத்தருக்கும் ஒரு கேட்டத் தொறக்கத் தெரியாது, கை தட்ட மட்டுந்தான் தெரியும்னு இப்பத்தான் தெரிஞ்சிக்கினேன். தட்டுங்க."

காற்று பலமாக இருந்ததால் நேர் கீழே இருந்த என்னைத் தவிர மற்றவர்களுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. எழுந்து நின்று தட்டினோம். தட்டைத் தட்டினோம், கரண்டியால் குக்கர் மூடியைத் தட்டினோம், இரண்டு பிளாக்கும் அதிர்ந்தது. கயிறு சுருண்டு என் பால்கனியில் விழுந்தது. பூங்காவனம் விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு நாலாவது மாடியை, ஐந்தாவது மாடியை, மொட்டை மாடியை, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி எழும்பினாள், தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள், கடற்காற்று அவளை வாங்கிக்கொண்டது. அவள் பி பிளாக்குக்குப் பின்னால் மறைந்த பிறகும் பத்து நிமிஷம் தட்டிக்கொண்டிருந்தோம். கேட் பூட்டியே இருந்தது.

மறுநாள் படிக்கட்டை யார் பெருக்குவது என்று குழுவில் பேச்சு வந்தது. ஒரு சாதாரணப் பெண்ணுக்கு நாங்கள் சிறகு கொடுத்த வரலாறு ஒரு மலராக அச்சிடப்பட்டது, வழவழ தாளில், எல்லோருடைய பாடங்களோடும். அட்டையில் பூங்காவனத்தின் படம் போட வேண்டும் என்றார்கள். யாரிடமும் அவளுடைய முகம் தெரிகிற படம் இல்லை, எடுத்ததெல்லாம் கீழிருந்து எடுத்தவை, பாதங்கள்தான் இருந்தன. பாதங்களைப் போட்டால் நன்றாக இருக்காது என்று ஒரு புறாவைப் போட்டோம்.

கேட் திறந்து, லிஃப்ட் ஓடி, ஹேமலதாவின் விரல் மறுபடி கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்ட ஆவணி மாதத்தில், அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதற்கு முன் ஒரு பாராட்டு விழாவும் நடத்த வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அழைத்து வர என்னை அனுப்பினார்கள். மலரையும் ஒரு கேடயத்தையும் ஒரு கிலோ மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டு கால்வாயைத் தாண்டினேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, பதினேழுதான்.

தெரு முனையில் கீரைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு அன்று நடந்ததைச் சொன்னார். மதியம் ஏற மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய ஆம்புலன்ஸ் சாயங்காலம் மறுபடி வந்திருந்ததாம், அதன் கதவைப் பிடித்துக்கொண்டு மோனிஷா நின்றிருந்தாளாம், தெருவே வாசலில் நின்றதாம், டிரான்ஸ்பார்மருக்கு மேலே பூங்காவனம் வருவதைப் பார்த்து, தோ, அவ அம்மா வந்துட்டா என்று ஒரு பெண் சொன்னாளாம், அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லையாம். ஆம்புலன்ஸில் வந்த பையன் மட்டும் சந்தோஷத்தில் கைதட்டப் போயிருக்கிறான்.

"கைய ஒடிச்சிருவேன்!" என்று அவனைப் பார்த்துக் கத்திய மோனிஷா அப்படியே முகத்தை அண்ணாந்து தாயைப் பார்த்துத் தொடங்கினாளாம். பெத்தவளா நீ என்றாளாம், கூரை உயரத்துக்கு இறங்கினாள். பேயே, சனியனே, பாவி முண்ட என்றாளாம், கதவு உயரத்துக்கு வந்தாள். நடுவில் வலி வந்து பேச்சு நின்றதாம், தாய் அப்படியே அந்தரத்தில் நின்று, "சொல்லுடி, இன்னும் ஆள் ஒசரம் கீது" என்று அழுதாளாம். மோனிஷா பல்லைக் கடித்து மூச்சை இழுத்து, "நீ வர மாட்டேன்னு நெனச்சிட்டேன்டி நாயே" என்றாளாம். அந்த வார்த்தைக்குப் பூங்காவனம் தொப்பென்று விழுந்தாள், குழாயடிச் சேற்றில், இரண்டு குதிகாலும் புதைய. எழுந்து சேற்றுக் காலோடு வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

நான் போனபோது பூங்காவனம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து மோனிஷா, "தலைய ஒழுங்காப் புடி கெயவி, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள். பூங்காவனத்தின் பாதங்கள் சிமெண்டுத் தரையில் அகலமாகப் பதிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் எழவில்லை. கேடயத்தைப் பார்த்தாள், மலரைப் பார்த்தாள், என் முகத்தில் மெதுவாகக் கூடிவந்த மரியாதையைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பூங்காவனம் அம்மா, உங்களைப் போல ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் ஒரு கையால் குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மறு கையால் வாசற்கதவின் நிலையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"சார், நல்லதா ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றாள். "கையில கொயந்த கீது."

நான் வாயை மூடிக்கொண்டேன். கொண்டுபோனதை எல்லாம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தேன்.